அப்பா தூங்கட்டும்

சின்னப் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று யோசிப்பது சில பேருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கவலை. எனக்குத் தொண்ணூற்றொன்றில் அது தினப்படிக் கவலை. ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டு வீட்டில் ஒரே அறையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஒரகடம் ரோட்டில் தகடு அடிக்கிற கம்பெனியில் வேலை, எப்போதும் நைட் ஷிப்டு. காலையில் வந்து படுத்தால் சாயந்தரம் வரைக்கும் தூங்க வேண்டும். ஐந்து வயதுப் பெண்ணையும் மூன்று வயதுப் பையனையும் அந்த அறையில் வைத்துக்கொண்டு தூக்கமாவது ஒன்றாவது!

அவர் தூங்கியே ஆக வேண்டும். காரணம் அந்த மிஷின். தகட்டை வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும், மேலேயிருந்து இரும்பு இறங்கும். விடிய விடிய இதே. கண் சொக்கிப்போய், கையை எடுப்பதற்கு முன்னால் கால் மிதித்துவிட்டால் விரல் போய்விடும். அவர் லைனில் ஒருத்தருக்கு ஏற்கனவே போயிருந்தது. கல்யாணமான புதிதில் இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வேறு ஷிப்டு கேட்கவும் வழியில்லை. டெம்ப்ரவரி ஆட்களுக்கு நைட்தான். லீவு போடாமல் வந்தால் தீபாவளிக்குள் பர்மனென்ட் ஆக்குகிறோம் என்று சூப்பர்வைசர் ஆசை காட்டியிருந்தார்.

அதனால் அவர் சைக்கிளை வாசலில் நிறுத்தினதும் நாங்கள் கிளம்பிவிடுவோம். இடுப்பில் பையன், கையில் புளிச்சோற்றுத் தூக்கு, முந்தானையைப் பிடித்துக்கொண்டு பெரியவள். எங்கே போவது? பூங்கா, ஊஞ்சல் என்று ஊரில் எதுவும் கிடையாது. பெருமாள் கோயிலில் தூணுக்குத் தூண் ஒளிந்து விளையாடுவார்கள். உச்சி வேளைக்கு நடை சாத்தும்போது, "கெளம்பும்மா, கெளம்பு" என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். ஏரிக்கரையில் ஒதுங்க நிழல் இல்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒரு மாதிரி பார்ப்பான். சேரப்பணஞ்சேரியில் என் அண்ணன் வீடு இருந்தது. இரண்டாம் நாளே அண்ணி, "இன்னாடி, உன் வூட்ல அடுப்பு எரியலியா?" என்றாள். அந்த வாய்க்குப் பயந்து அத்தோடு விட்டேன்.

மே மாதம் ஊரில் குண்டு வெடித்துப் பெரிய தலைவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு மரத்தடியில்கூட உட்கார முடியவில்லை. எங்கே திரும்பினாலும் போலீஸ். வேப்ப மரத்தடியில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த என்னிடம், "எந்த ஊரு? இங்க இன்னா வேலை?" என்று லத்தியால் தரையைத் தட்டிக் கேட்டார்கள். வீட்டுக்காரர் தூங்குகிறார் என்றேன். "பட்டப்பகல்லயா?" என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்ன செய்ய, தூக்கை மூடிக்கொண்டு எழுந்தேன்.

ஆடி பிறந்தது. எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்க நாள் குறித்தார்கள். பங்குனியில் பெரியவளுக்கு அம்மை போட்டு, நல்லபடியாக இறங்கியிருந்தது. அதற்காக இந்த வருஷம் காப்புக் கட்டிக்கொள்கிறேன் என்று அவர் வேண்டியிருந்தார். பூசாரி மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டிவிட்டால், கூழ் வார்த்து முடியும் வரை ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. அவரும் பயபக்தியாகக் கட்டிக்கொண்டார்.

பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் திடலில் கையால் சுற்றுகிற ராட்டினம், பலூன்காரர், பஞ்சுமிட்டாய். பையன் மரக்குதிரையை விட்டு இறங்க மாட்டேன் என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். பெரியவள் தலை கிறுகிறுக்கச் சுற்றிவிட்டு வந்து என் மடியில் விழுந்து சிரித்தாள். அந்த வருஷத்தில் என் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அங்கேதான். அப்பாடா, சாமியே நமக்கு ஒரு இடம் காட்டிவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் ரேடியோ செட் இல்லாத திருவிழா உண்டா? கூம்பு ஸ்பீக்கரை எங்கள் வாசலுக்கு நேராக இருந்த கரண்டு கம்பத்தில் கட்டினார்கள். விடிகாலையில் ஆரம்பித்த அம்மன் பாட்டு ஓயவே இல்லை. மத்தியானம் வந்து எட்டிப் பார்த்தேன். அவர் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு கிடந்தார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. மறுநாளும் அதே கதை.

நேராகத் திருவிழாக் கமிட்டிக்காரரிடம் போனேன். "அண்ணே, அவரு நைட் ஷிப்டுண்ணே. மிஷின்ல கை வெச்சு வேலை செய்றவரு. பகல்ல கொஞ்சம் கொறச்சு வையுங்க."

"ஆத்தா விசேஷம்மா, ஊருக்கே கேக்கணும். மூணு நாளு பொறுத்துக்க மாட்டியா?"

"அப்ப எங்க அண்ணன் வூட்ல போயி பகல்ல மட்டும் படுத்துகினு வரட்டும்."

"காப்பு கட்டிகினு வெளியூர்ல படுக்கறதா? நல்லா கீதே நாயம்!"

"ராத்திரி பூரா கம்பெனிலதான கீறாரு. அது வெளியூர் இல்லியா?"

"அது வேலைம்மா. வேலைக்குப் போறது தங்கறதுல சேராது. படுத்துத் தூங்கினாதான் தங்கறது."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நியாயத்தைப் பாருங்கள்! ஊருக்கு வெளியே கண் முழித்துச் சாகலாம், கண்ணை மூடத்தான் கூடாது.

வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு லீவு போடுங்க" என்றேன்.

"போட்டா பர்மனென்ட் போச்சு."

"அப்ப அந்தக் கயித்த அவுத்துட்டு எங்க அண்ணன் வூட்டுக்குப் போங்க."

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "புள்ளைக்கு மறுபடியும் அம்மை போட்டா நீ பதில் சொல்லுவியா? வாய மூடு."

அம்மை முத்து நிறைந்த அந்த முகத்துக்கு வேப்பிலையால் விசிறியவள் நான்தானே. எனக்கும் பயம் இருந்தது.

கூழ் வார்க்கிற அன்று காலை, வருகிற நேரத்துக்கு அவர் வரவில்லை. பிள்ளைகளுக்குப் புதுத்துணி போட்டுத் தலை சீவிக்கொண்டிருந்தேன். அவரோடு லைனில் வேலை செய்கிறவர் அவருடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று என்னவோ சொன்னார். ஸ்பீக்கர் அலறியதில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. "இன்னா? இன்னா?" என்று கத்தினேன். வந்தவர் தன் வலது கையை என் முகத்துக்கு நேரே விரித்து, நடுவிலிருந்த மூன்று விரலை மடக்கிக் காட்டினார். ஐயோ, அந்தப் பாட்டுக்கு நடுவில் நான் போட்ட கூச்சலும் தெருவில் யாருக்கும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். கம்பெனியில் இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தெருப் பெண்கள் வந்து பார்த்து, தலைக்கு வந்தது ஆத்தா புண்ணியத்தில் விரலோடு போயிற்று என்றார்கள். நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை கஞ்சி குடித்துவிட்டு அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். உடனே பெரியவள் தம்பியை இழுத்து அவனுக்குச் செருப்பு மாட்டினாள். தானும் மாட்டிக்கொண்டாள். என் காதுக்குள் வந்து, "அம்மா, அப்பா தூங்கறாரு. வா, போலாம்" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"எங்கியும் போவ வேணாம் கண்ணு. இனிமே அப்பா ராத்திரில தூங்குவேன். இங்கியே வெளையாடுங்க. எவ்ளோ வேணா சத்தம் போடுங்க."

பையனுக்குக் குஷி தாங்கவில்லை. ஓவென்று கத்த வாயைத் திறந்தான். அவள் அவன் வாயைக் கையால் இறுக்கிப் பொத்தினாள். செருப்பைக் கழற்றாமல், அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.