ஏ ஒன்னுக்குள்ளே எத்தனை மார்க்?

விடைத்தாள் திருத்துவது சுலபம். திருத்தியதை அப்பாக்களுக்கு விளக்குவதுதான் வாத்தியார் வேலை என்பது, சாக்பீஸ் தூசியில் காலம் தள்ளும் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கோடு எங்கே?

2009 வாக்கில் மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்கு மார்க்கை எடுத்துவிட்டு கிரேடு கொண்டுவந்தார்கள். தொண்ணூற்றொன்றிலிருந்து நூறு வரை எல்லாமே ஏ ஒன். திண்டுக்கல்லில் நான் அந்த வகுப்பின் ஆசிரியர். மார்க் வெளியே போனாலும், கோபித்துக்கொண்டு யாராவது டி.சி. வாங்கினாலும் என் வேலை போய்விடும் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார்.

ரிப்போர்ட் கார்டு கொடுத்த அன்று பூட்டுக்கடை அந்தோணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகனுக்குக் கணக்கில் ஏ ஒன். அவர் மனைவியின் தம்பி டேவிட்டின் மகளும் அதே வகுப்பு. அவளுக்கும் ஏ ஒன்.

"முதல் ரேங்க் யாரு சார்?"

"ரேங்க் கிடையாதுங்க."

"அப்பக் கடைசி?"

"அதுவும் கிடையாது."

"ஓட்டப்பந்தயம் வச்சுப்புட்டுக் கோட்ட அழிச்சுட்டீகளே சார்."

தால்சாவா, தயிர் வெங்காயமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார் அந்தோணி. "வாயத் தொறந்து சொல்ல வேணாம். எம்மகன் தொண்ணூத்தஞ்சுக்கு மேலன்னா தயிர் வெங்காயம் போட்டுக்கங்க. கீழன்னா தால்சா ஊத்திக்கங்க."

எழுந்து போக எனக்குத் துணிச்சல் இல்லை. இரண்டையும் தொடாமல் வெறும் பிரியாணியை மென்று விழுங்கினேன். நேர்மை இவ்வளவு தொண்டையை அடைக்கும் என்று தெரியாது. அந்தோணிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ரெண்டும் தொடலேன்னா, கரெக்டா தொண்ணூத்தஞ்சு."

டி.சி.யக் குடுங்க

அந்தத் தொண்ணூற்றைந்து அன்றைக்கே பக்கத்து ஊரான அகரம் வரை போய்விட்டது; மறுநாள் அங்கிருந்து டேவிட் வந்து பிரின்சிபால் அறையில் உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே அந்தோணியும் வந்தார்.

"மச்சான் மகனுக்கு மட்டும் மார்க் சொல்லுவீக. எம்மகளுக்கும் சொல்லுங்க, இல்லாட்டி டி.சி.யக் குடுங்க" என்றார் டேவிட்.

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட மட்டும்தான் செய்தேன் என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம்: தொடாமல் விட்டதும் சொன்ன கணக்குத்தானோ? கடைசியில், "ஏ ஒன்னுன்னா நூறாவும் இருக்கலாம்" என்றேன்.

டேவிட் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எம்மக நூறா இருக்கலாம்."

"எம்மகனும் இருக்கலாம், மாப்ள" என்றார் அந்தோணி.

டி.சி. பேச்சு அத்தோடு நின்றது. ஆளுக்கொரு நூறோடு இருவரும் எழுந்தார்கள். வாசல் வரை போன அந்தோணி திரும்பி வந்து என் காதோரம் சொன்னார்:

"சார், உண்மையான மார்க்க மட்டும் எந்தக் காலத்துலயும் சொல்லிப்புடாதீக."

போட்டியை ஒழிக்க வந்த அந்த முறை எங்கள் ஊரில் தோற்பவர் இல்லாத போட்டியாக நடந்து முடிந்தது. என் வேலை தப்பியது அதனால்தான் என்பது மட்டும் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது.