பொம்மரும் பிளாஸ்டிக் வாழையும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கையில் ஒரு கட்டு முருங்கைக்காயோடு லண்டனில் கோலியர்ஸ் வுட் பஸ் தரிப்பில் நின்றுகொண்டிருந்தேன். அரச குடும்பத்தில் யாருக்கோ ஏதோ கொண்டாட்டமாம். அது எனக்குத் தெரியாது. திடீரென்று தெற்குப் பக்கமிருந்து ஓர் இரைச்சல் வந்தது. இந்தக் காலத்து விமானங்கள் விசிலடித்துக்கொண்டு போகும். இது அந்த வகை இல்லை. தொண்டை கட்டின இரைச்சல், நெஞ்சுக்குள் வந்து குந்திக்கொள்கிற இரைச்சல். உலக யுத்தக் காலத்துக் குண்டுவீச்சு விமானம் ஒன்று, அந்தக் கொண்டாட்டத்துக்காகக் கழுவித் துடைத்துப் பறக்கவிட்டிருந்தார்கள், கூரைகளுக்கு மேலே தாழ வந்தது. தரிப்பில் நின்ற சனமெல்லாம் தெருவில் இறங்கிக் கைபேசியைத் தூக்கிப் பிடித்தது. ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். நான் மட்டும் முருங்கைக்காயோடு பக்கத்திலிருந்த மரத்தடிக்குப் போய், அடிமரத்தோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். வெயிலுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு வெயிலே இல்லை.

சிரிக்காதீர்கள். நீங்களும் யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த அந்தச் சில வருடங்கள் இருந்திருந்தால், உங்களுக்கும் லண்டனில் எந்தத் தெருவில் எந்த மரம் அடர்த்தி என்று தெரிந்திருக்கும்.

விமானம் போன கையோடு ஒரு பழைய லொறி கறுப்புப் புகையை விட்டுக்கொண்டு போனது. அந்த மணம்தான் என்னைக் கெடுத்தது. ஊரில் பெற்றோல் வராத காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோமே, அந்த மணம். அதே மணத்தை இதற்கு முன் ஒரே ஒரு நாள் லண்டனில் மணந்திருக்கிறேன். நகரத்தின் தென்கோடியில், புல் முளைத்த ஒரு பழைய விமானத் தளத்தில். பீப்பாய்களுக்குள் டயரைப் போட்டுக் கொளுத்தி யுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். சினிமா யுத்தம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. பெற்றோல் ஷெட்டில் காசு வாங்கிப் போடுகிற வேலை, குலம் அண்ணை வீட்டில் ஓர் அறையில் பாதி. வீடு அவருடையதில்லை, அவரும் வாடகைக்குத்தான் இருந்தார். ஆனால் வீட்டுக்கார வெள்ளைக்காரனே அவரைக் கண்டால் கொஞ்சம் பயப்படுவான். ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர், இங்கே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். கழுவுகிற நேரமெல்லாம் யோசிப்பார். யோசித்து முடித்தால் அதற்குப் பெயர் கொள்கை.

அந்த வருடம்தான் அவருடைய மனைவி பவானி அக்காவும், ஏழு வயது மகள் வினோவும் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். வந்த அன்றைக்கே எங்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஹீத்ரோவுக்குப் போகிற விமானம் ஒன்று தூரத்தில் இரைந்தது. நாங்கள் அதைக் கவனிக்கவும் இல்லை. பார்த்தால் பிள்ளையைக் காணவில்லை. சாப்பாட்டு மேசைக்குக் கீழே குந்தி, இரண்டு காதிலும் விரலை வைத்து, பல்லுக்கிடையில் ஒரு பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பங்கருக்குள், அந்தப் பதுங்குகுழிக்குள், அப்படித்தான் இருக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், காது வெடிக்காமல் இருப்பதற்கு. லண்டன் வானத்தில் விமானம் வராத நேரம் என்று ஒன்று இருக்கிறதா? பிள்ளை மேசைக்குக் கீழேயே சாப்பிட்டாள், அங்கேயே படம் கீறினாள், பள்ளிக்கூடத்திலும் மேசைக்குக் கீழேயே இருந்தாள். ரீச்சர் கூப்பிட்டுச் சொன்னா, டொக்டர் போகப்போகச் சரிவரும் என்றார். போகப்போக அவள் பேசுவதும் குறைந்தது. அந்தப் பிள்ளையை மேசைக்குக் கீழேயிருந்து வெளியே எடுக்க வேண்டும். அந்த வருடம் எங்கள் வீட்டில் இருந்த ஒரே பிரச்சினை அதுதான், மற்றதெல்லாம் வெறும் கஷ்டம்.

அப்போது லண்டனில் தமிழனுக்கு வேலை கிடைப்பதென்றால் வெஸ்ட் ஈலிங் கோயிலில் அன்னதான வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவருக்கு யாரையாவது தெரிந்திருக்கும். அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை, சாம்பாருக்கும் பாயசத்துக்கும் இடையில், ஒருவர் சொன்னார்: சினிமாவுக்கு ஆள் தேவையாம். பர்மாவில் ஒரு கிராமத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுகிற காட்சி. பர்மாக்காரர்களாக நடிக்க ஒரு பஸ் நிறைய ஆள் வேண்டும்.

"பர்மாக்காரர் எங்களை மாதிரியே இருப்பினம்?" என்று கேட்டேன்.

"தூரத்திலை நிக்கவிடுவாங்களாம். தூரத்திலை எல்லாரும் ஒண்டுதான்" என்றார் அவர்.

எனக்குப் பின்னால் நின்ற குலம் அண்ணையின் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது. கொள்கை ஒன்று பிறக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அறிவித்தார்.

"வினோவையும் கூட்டிக்கொண்டு போவம். அது விளையாட்டு எண்டு ஒருக்காக் கண்ணாலை கண்டால் பிள்ளைக்குப் பயம் போயிடும்."

பவானி அக்கா கரண்டியைக் கீழே வைத்தா. "உங்களுக்கென்ன விசரே? பொம்மருக்குத் தப்பிப் பிள்ளையை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறன். நீங்கள் பஸ் வைச்சுப் பொம்மர் காட்டக் கூட்டிக்கொண்டு போறியளோ?"

பொம்மர் என்பது குண்டுவீச்சு விமானத்துக்கு எங்கள் ஊர் வைத்த பெயர். மூன்று நாள் அவர்கள் பேசவில்லை. நாலாம் நாள் அக்கா தானும் வருவதாகச் சொன்னா. இந்த மனிசனை நம்பிப் பிள்ளையைத் தனிய விட ஏலாதாம்.

அந்தத் தளத்தில் இறங்கியதும் முதலில் கண்டது வாழைத்தோட்டம். இங்கிலாந்துப் புல்லில் நட்ட பிளாஸ்டிக் வாழை. பவானி அக்கா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "குலையைத் தலைகீழாய்க் கட்டியிருக்கிறாங்கள்" என்றா. யாரிடம் முறையிடுவது? எங்களுக்கு ஓலைத் தொப்பியும் பழுப்புத் துணியும் தந்தார்கள். பிறகு விமானத்தைக் காட்டினார்கள். உண்மையான பழைய விமானம், அமெரிக்காவில் செய்தது. இரண்டு செட்டையிலும் சிவப்பு வட்டம் பூசி அதை ஜப்பான்காரன் ஆக்கியிருந்தார்கள். பக்கத்தில் பலகையில் செய்த இன்னொன்று, அது பறக்காது, நிரையைக் கூட்டிக் காட்டுவதற்காக நிறுத்தியிருந்தது. அமெரிக்க விமானத்துக்கு ஜப்பான் வேஷம், யாழ்ப்பாணத்தாருக்குப் பர்மா வேஷம், கீழே இங்கிலாந்துப் புல். வேஷம் போடாமல் தன் வேலையைச் செய்தது தூறிக்கொண்டிருந்த மழை மட்டும்தான்.

ஒலிபெருக்கியோடு ஒரு செம்பட்டைத் தலைப் பையன் வந்து நீளமாய் விளக்கினான். நீங்கள் அறுவடையில் இருக்கிறீர்கள், மனம் நிறைந்திருக்கிறது, வானத்தில் சாவு வருகிறது, உங்கள் கண்ணில் அது தெரிய வேண்டும் என்றெல்லாம் சொன்னான். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவன் நான் என்பதால் மொழிபெயர்க்கிற பொறுப்பு எனக்கு. "பொம்மர் வருமாம். கத்திக்கொண்டு இடப்பக்கம் ஓடட்டாம்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

விமானம் வந்தது. மரங்களுக்கு மேலால் அந்தத் தொண்டை கட்டின இரைச்சல் எழும்பியதுதான் தாமதம், வயலில் ஒருவரும் இல்லை. முப்பது நாற்பது பேரும் ஒரே நேரத்தில் குப்புற விழுந்து கிடந்தோம். முகம் மண்ணில், முழங்கையை ஊன்றி நெஞ்சு மட்டும் நிலத்தில் படாமல், வாய் திறந்தபடி. தாய்மார் பிள்ளைகள் மேல் கவிழ்ந்து கிடந்தார்கள். ஒரு சத்தமில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நானும் கிடந்தேன், எப்போது விழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

கமராவில் பதிந்தது வெறும் புல்வெளியும் தலைகீழ் வாழைக்குலையும்தான்.

செம்பட்டைத் தலையன் ஓடி வந்தான். "எங்கே போனீர்கள் எல்லோரும்? குண்டு விழுந்தால் மனிதர்கள் ஓடுவார்கள்!" என்றான். நான் மொழிபெயர்த்தேன்.

"ஆர் ஓடுறது?" என்றா ஒரு மனுசி, ஓலைத் தொப்பியைச் சரிசெய்தபடி. "ஓடினால் மேலை இருக்கிறவன் காணுவான். உந்தப் பொடியனுக்கு ஒண்டும் தெரியாது."

நான் அதையும் மொழிபெயர்த்தேன். அவன், இது பார்க்கிறவர்களுக்கு நம்பும்படியாக இருக்காது என்றான். ஆக, குண்டுக்கு எப்படி ஓடுவது என்று எங்களுக்கு வகுப்பு நடந்தது. கையை மேலே தூக்கிக்கொண்டு, வெட்டவெளியில், எல்லோரும் ஒரே பக்கமாக. சாவதற்கு அதைவிடச் சிறந்த வழி கிடையாது. திரும்பத் திரும்பச் செய்து ஒருவழியாய்ப் பழகினோம்.

வினோ இதையெல்லாம் பார்க்கவில்லை. தேநீர்க் கூடாரத்தில் மேசைக்குக் கீழே பென்சிலைக் கடித்தபடி இருந்தாள். பவானி அக்கா பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு புருஷனைத் தூரத்திலிருந்தே பார்வையால் எரித்துக்கொண்டிருந்தா. இடைவேளையில் தோல் அங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தேநீர் வாங்க வந்தார். மேசைத் துணிக்குக் கீழே இரண்டு சின்னச் சப்பாத்தைக் கண்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். அவள் பென்சிலை எடுத்துவிட்டு அதை வாங்கிக் கடித்தாள். அவர் இன்னொன்றை நீட்டினார். அதுவும் போயிற்று. பிறகு அவர் எழுந்து, தன் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பின்னேரம் கடைசிக் காட்சி முடிந்தது. வினோவை ஒருமாதிரி வெளியே தூக்கிக்கொண்டு வந்து, "பார் பிள்ளை, இப்ப இறங்கும், ஒண்டும் செய்யாது" என்று குலம் அண்ணை காட்டிக்கொண்டிருந்தார். அவள் அவருடைய கழுத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கண்ணால் பார்த்தாள். விமானம் இறங்கியது. ஒரு சில்லு நிலத்தில் முட்டியதும் அதைத் தாங்கிய கால் மடிந்துபோயிற்று. ஒரு செட்டை புல்லை உழுதது, முழு உடம்பும் சறுக்கிக்கொண்டு போய், பலகை விமானத்தை விறகாக்கிவிட்டு, மண்மேட்டில் மூக்கைக் குத்தி நின்றது. செட்டையில் தீ பிடித்தது.

எங்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் எழும்பியது. அழுகையில்லை. கைதட்டல், விசில். "விழுந்திட்டுது! பொம்மர் விழுந்திட்டுது!" என்று யாரோ கத்தினார்கள். ஓலைத் தொப்பிகள் ஆகாயத்தில் பறந்தன. பெரிய மனுசர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார், அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. வருடக்கணக்காய்ப் பங்கருக்குள் இருந்து எந்தெந்தத் தெய்வத்திடமோ கேட்டது, கடைசியில் லண்டனில், ஆள் மாறி, வேஷம் மாறிக் கிடைத்துவிட்டது. நானும் தட்டினேன். என் வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தகப்பனின் தோளிலிருந்து வினோவும் தட்டினாள்.

வெள்ளைக்காரரெல்லாம் விமானத்தை நோக்கி ஓடினார்கள். கதவை உடைத்து இரண்டு பேரை இழுத்தார்கள். இரண்டு பேருக்கும் உயிர் இருந்தது. ஒருவர் முகமெல்லாம் கரியாக, புருவம் எரிந்து, மற்றவர்களின் தோளில் தொங்கியபடி எங்களைத் தாண்டி வந்தார். தோல் அங்கி. பிஸ்கட் தந்த கிழவர்.

அடுப்பில் தண்ணீர் ஊற்றினதுபோல் கைதட்டல் அணைந்தது. அந்த அமைதியில் வினோ கேட்டாள். எத்தனையோ கிழமைக்குப் பிறகு அவள் பேசிய முழு வசனம் அது.

"அப்பா, அந்தத் தாத்தா உள்ளுக்கை இருந்தவரோ?"

குலம் அண்ணை அவளை மற்றத் தோளுக்கு மாற்றினார். பொம்மருக்குள் ஆள் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் அந்த ஆளுக்கு முழங்கால் வலி இருக்கும், சட்டைப்பையில் பிஸ்கட் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

செம்பட்டைத் தலையன் என்னிடம் வந்து, ஏன் கைதட்டினார்கள் என்று கேட்டான். அவனுக்கும் முகம் வெளிறியிருந்தது. எங்கிருந்து தொடங்குவது? "படத்தில் வருகிற காட்சி என்று நினைத்துவிட்டார்கள்" என்றேன். அவன் நம்பினான். அது நம்பும்படியாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பவானி அக்கா, "பாவம் அந்த மனிசன்" என்றா. இன்னும் கொஞ்சத் தூரம் போனபிறகு, "எண்டாலும்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டா. அந்த வசனத்தை யாரும் முடித்துவைக்கவில்லை.

அடுத்த கிழமை, சாப்பிடும் நேரத்தில் ஒரு விமானம் இரைந்தது. பழக்கதோஷத்தில் நாங்கள் எல்லோரும் மேசைக்குக் கீழே பார்த்தோம். வினோ அங்கே இல்லை. மேசைக் காலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலை எட்டிப் பார்த்தபடி நின்றாள். "இதுக்குள்ளை ஆர் இருப்பினம்? அவை இப்ப சாப்பிடுவினமோ?" என்று கேட்டாள். பவானி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதா. குலம் அண்ணை, "என்ன சொன்னனான்?" என்றார். அவர் சொன்னது அதுவே இல்லை. விளையாட்டென்று கண்டால் பயம் போகும் என்றல்லவா சொன்னார்? விளையாட்டு வினையானதால் போயிற்று. ஆனால் கொள்கை வென்ற மனிதரோடு யார் வாதாடுவது?

படம் பிறகு வந்தது. வாடகைக் கடையில் வீடியோ எடுத்துப் போட்டுப் பார்த்தோம். நாங்கள் ஓடுவது ஒரு கண் சிமிட்டலுக்குள் முடிந்துவிடுகிறது. தூரத்தில் எல்லோரும் ஒன்றாகத்தான் தெரிகிறோம். அன்றைக்குக் கமராவை நிறுத்தியிருக்கவில்லை போலும், விமானம் விழுவதை மட்டும் முழுதாக வைத்திருந்தார்கள், காசு கொடுத்தாலும் கிடைக்காத காட்சியல்லவா? எங்கள் கைதட்டலை வெட்டிவிட்டு வயலின் போட்டிருந்தார்கள்.

இப்போது அந்தத் தளத்தில் வீடுகள். தெருக்களுக்கெல்லாம் பழைய விமானங்களின் பெயர். வாடகை வீடியோக் கடையும் இல்லை, வேலை சொல்லித் தருகிற அன்னதான வரிசையும் இல்லை, வரிசையில் எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். குலம் அண்ணையும் இல்லை. பொம்மர் என்ற சொல்லை எங்கள் வீடுகளில் கேட்டுப் பல காலம். பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாமல் இருக்கட்டும்.

போன மாதத்து அந்தச் சனிக்கிழமை பின்னேரம் முருங்கைக்காயை வெட்டிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. தோர்ண்டன் ஹீத்திலிருந்து வினோ. இப்போது ஒரு பையனுக்குத் தாய்.

"மாமா, பிளேன் பாத்தீங்களா? எங்கட வீட்டுக்கு மேலாலதான் போனது. சூப்பர்! முன்னுக்குக் கண்ணாடிக்குள்ள ஒரு ஆள் இருந்தவர். மகன் கை காட்டினவன். அவரும் காட்டினவராம், அடம்பிடிக்கிறான்."

"உனக்கு அந்தப் பிஸ்கட் தாத்தாவை நினைவிருக்கோ?"

"எந்தத் தாத்தா?"

உண்மையாகவே அவளுக்கு நினைவில்லை. மேசையும் பென்சிலும்கூட நினைவில்லையாம். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, பிறகு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"அதை விடுங்க மாமா. உள்ளுக்கு இருந்த ஆளைக் கண்டனீங்களா?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். "நான் மரத்துக்குக் கீழை நிண்டனான்."