பக்கத்து சீட்டின் உறை

டோர்ட்மண்டில் எனக்குச் சாமத்திய வீடு, அதாவது பூப்பு நீராட்டு விழா, செய்தபோது, பெரியபிள்ளையானவளைவிட அவள் வந்து இறங்கப்போகும் காரைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு. எங்கள் சனத்துக்கு ஜெர்மனியில் அது எழுதாத சட்டம். பெட்டை மண்டப வாசலில் இறங்கும்போது, ஆளுக்கு முந்திக் கார் கண்ணைப் பறிக்கவேணும்.

சித்தப்பாவிடம் ஒரு சிவப்பு இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. கிட்டத்தட்ட அம்மாவின் வயது, இரண்டே சீட். பழைய இரும்புக்குப் போகவிருந்ததை வாங்கி, ஞாயிறு ஞாயிறாய்க் கழற்றிப் பூட்டி எழுப்பியிருந்தார். மாமா, அதுதான் அம்மாவின் தம்பி, அப்போதுதான் ஒரு வெள்ளை ஹட்ச்பேக் எடுத்திருந்தார். பார்த்தால் சந்தைக்குப் போகிற கார். மிதித்தால் டர்போ சீறிக்கொண்டு பாயும். குளிருக்குச் சீட்டே சூடாகும்.

"முறைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகவேணும்" என்றார் மாமா.

"ஒருக்கால் என்ரை காரிலை வரட்டும், அண்ணி" என்றார் சித்தப்பா. அவர் யாரிடமும் எதுவும் கேட்கிற ஆளில்லை.

அப்பா தம்பிக்குப் பரிந்து, யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்றார்.

"உது படுத்த யானையில்லை, அத்தான். செத்த யானை" என்றார் மாமா.

அம்மா அரைமனதோடு சித்தப்பாவின் பக்கம் சாய்ந்தாள்.

அந்தக் காரின் பக்கத்து சீட்டில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை கிடக்கும். அதில் என் அப்பாவைக்கூட அவர் இருக்க விட்டதில்லை. அன்று அதைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு எனக்குக் கதவு திறந்தார். தலைச்சோடனை கூரையில் இடிக்க, பெற்றோல் மணத்துக்குள் குனிந்தே இருந்தேன். செத்த யானை ஓரிடத்திலும் நிற்காமல், உறுமிக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. சித்தப்பா வழியெல்லாம் தனக்குள் சிரித்தபடி வந்தார்.

அங்கே வீடியோக்காரர் கமராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "குறை நினையாதேங்கோ, இன்னொருக்காச் சுத்தி வாங்கோ" என்றார். அதற்குள் சித்தப்பா எஞ்சினை நிற்பாட்டியிருந்தார். சூடேறிய பழைய எஞ்சின் ஆறாமல் எழும்பாது. கொஞ்சம் பொறுங்கோ என்று கெஞ்சினார். நல்ல நேரம் யாருக்குப் பொறுத்தது? மாமாவின் கார் பக்கத்தில் வந்து நின்றது. என்னை இறக்கி அதில் ஏற்றினார்கள். மண்டபத்து முற்றத்தில் ஒரு சுற்று. கமரா இப்போது ஆயத்தம்.

மாமா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "அண்ணை, உங்கடை காருக்குப் பின்சீட்டும் இல்லை, முன்சீட்டிலை இருக்க ஆளும் இல்லை. வித்துப்போட்டு இப்பிடி ஒண்டை வாங்குங்கோ!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

அதற்கெல்லாம் முந்தி, சித்தப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் பேசி முற்றாகியிருந்ததாம். அவளை விமான நிலையத்தில் இருந்து கூட்டிவரத்தான் அந்தக் கார். விசா இழுபட்டுக்கொண்டே போக, காத்திருந்து அலுத்த பெண்வீட்டார் அவளைக் கனடாவில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அம்மா இதை எனக்குச் சொல்ல எத்தனையோ வருசம் எடுத்தது. மாமாவுக்கு அன்றைக்கே தெரியும். பல்லு விழுந்தால் மறைக்கலாம், சொல்லு விழுந்தால் எங்கே மறைக்கிறது?

அந்த வீடியோ இன்னும் வீட்டில் இருக்கிறது. வெள்ளைக் காரிலிருந்து நான் இறங்குகிறேன், பூத் தூவுகிறார்கள். என் தோளுக்குப் பின்னால் சித்தப்பா சிவப்புக் காருக்குள் குனிந்து, அந்த உறையைத் திரும்பவும் சீட்டுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். வீடியோவில் இருக்கிற நான் அதைத் திரும்பிப் பார்க்கிறேன். பிறகு, உறை போடுகிறாரே, மழை வரப்போகுதாக்கும் என்று வானத்தை அண்ணாந்து பார்க்கிறேன்.