மூணு நிமிஷக்காரர்

என் அத்தானுக்குத் துறைமுகத்தில் 'மூணு நிமிஷம்' என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிடும்போது மட்டும் கொஞ்சம் மரியாதை சேர்த்து 'மூணு நிமிஷக்காரர்' என்பார்கள். மீன்வள வாரியம் மாதத்துக்கு ஒருமுறை கூடும். பொதுமக்கள் யாராவது பேச விரும்பினால் கடைசியில் ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். இருபத்தெட்டு வருடம், காய்ச்சலில் கிடந்த நாட்களைத் தவிர, அவர் ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார். கூப்பிட்டதும் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் படிப்பார். முக்கால் பக்கம் போவதற்குள் குமாஸ்தா மணியடித்துவிடுவார். இவரும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

வாரியம் லேசுப்பட்ட இடமில்லை. எந்த மாதங்களில் கடலுக்குப் போகக்கூடாது, பெரிய படகுகள் கரைக்கு எவ்வளவு கிட்டே வரலாம், வலைக்கண்ணி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், எல்லாவற்றையும் அங்கே இருக்கும் ஒன்பது நாற்காலிகள்தான் தீர்மானிக்கும். அந்த நாற்காலிகளில் அதிகாரிகள் இருந்தார்கள், பெரிய படகு முதலாளிகள் இருந்தார்கள், ஏற்றுமதிக்காரர்கள் இருந்தார்கள். ஒருவருக்கு மீன் வாடையே ஆகாது, கைக்குட்டையும் மூக்குமாக வருவார். சிறு படகில் போய்ப் பிழைக்கிறவன் ஒருத்தனும் கிடையாது.

கூட்டத்துக்கு முந்தின நாள் அத்தான் சமையலறையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு பேசிப் பார்ப்பார். அக்கா அடுப்பைப் பார்த்தபடியே சொல்வாள்: "மூணு நிமிஷத்துல ஒரு முட்டையே ஒழுங்கா வேகாது. உங்க நியாயம் வெந்துடப் போகுதாக்கும்!"

"வேகலைன்னா அடுத்த மாசம் திரும்ப அடுப்புல ஏத்துவோம்" என்பார் அவர்.

அவர் என் அக்காவைக் கட்டிக்கொண்டபோது எனக்குப் பதினொரு வயது. அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கல்யாணப் பெண்ணோடு இலவச இணைப்பாக நானும் அந்த வீட்டுக்குப் போனேன். ஒரு நாளும் அவர் என்னை ஒட்டிக்கொண்டு வந்தவளாகப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது அவர்தான். எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும், என் கணவர் இறந்தபோது நாலு வயது மகனோடு என்னைத் திரும்ப அதே வீட்டுக்குக் கூட்டி வந்ததும் அவர்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என் மகன் 'பெரியப்பா' என்று கூப்பிட்டால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுத் திரும்புவார்.

அவருடைய ஒரே பைத்தியம் வலைக்கண்ணி. "ரெண்டு விரல் நுழையணும். நுழையலைன்னா அது வலையில்ல, வழிப்பறி" என்பார். படகுத்துறையில் நடந்து போகும்போது அடுத்தவன் வலையில் விரலை விட்டுப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொள்வார். குஞ்சு மீனைப் பிடிப்பவன் அடுத்த வருடத்துச் சாப்பாட்டை இன்றைக்கே தின்கிறான் என்பது அவர் கட்சி. அவரைக் கேலி செய்தவர்கள்கூட அதைத் தப்பென்று சொன்னதில்லை.

அப்படிப்பட்ட மனிதருடைய படகில்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் சிறுகண்ணி வலை பிடிபட்டது. ஒரு விரல்கூட நுழையாத வலை. படகுக்குள் நகம் அளவு குஞ்சுகள் கூடை கூடையாகக் கிடந்தன. ரோந்துக்காரர்கள் வந்தபோது படகில் ஆள் இல்லை. சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடிய அத்தான், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் வலையைப் பார்த்தார். பிறகு, "என்னுதுதான்" என்றார். அவர் பேரில் குற்றம் பதிவாகிவிட்டது. துறைமுகமே கைகொட்டிச் சிரித்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்றார்கள்.

வலை என் மகனுடையது. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. யாரோ கூட்டாளி சொன்னான் என்று எங்கேயோ வாங்கி, பெரியப்பா படகை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ரோந்துப் படகைக் கண்டதும் குதித்து ஓடிவந்து, பின்கட்டில் எங்கள் அறை மூலையில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தான். மாலையில், அக்கா வெளியே போயிருந்த நேரம், அத்தான் எங்கள் அறைக்கு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"படகு என் பேர்ல இருக்கு, வலையும் என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "இவனுக்கு இனிமேதான் வாழ்க்கை. இப்பவே பேர் கெட்டா எவன் வேலை குடுப்பான்?" பிறகு என்னைப் பார்த்தார். "உங்க அக்காவுக்குத் தெரிய வேண்டாம். அவ வாயில ஒரு விஷயம் நிக்காது. நான் சமாளிச்சுக்குறேன்."

அக்கா அவரோடு ஒன்றரை மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் முட்டை ஜோக்கெல்லாம் அதோடு போயிற்று. நான் அதைப் பார்த்துக்கொண்டு அதே வீட்டில் அதே பாத்திரத்தில் சாப்பிட்டேன். என் மகன் மறுவருடமே மீன்வளத் துறையின் ரோந்துப் படகில் வேலைக்குச் சேர்ந்தான். எந்தக் குற்றத்திலும் சம்பந்தப்பட்டதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தான். அவன் இன்றைக்குச் செய்யும் உத்தியோகம் அடுத்தவர் வலையைப் பிடிப்பது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருவதில்லை. சம்பளம் வர ஆரம்பித்ததும் நானும் அவனும் தனி வீடு பார்த்துப் போனோம்.

போன வருடம் சட்டம் மாறியது. வாரியத்தில் ஒரு நாற்காலி சிறு படகுக்காரர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். மேலிடத்தில் யாரும் கைகாட்டி ஆளை வைக்கக்கூடாது, ஐந்து பேர் குழு ஒன்று எல்லோர் முன்னிலையிலும் விசாரித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். செய்தி வந்த அன்று அத்தான் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் பேசலாம் என்று குமாஸ்தாவிடமே போய்க் கேட்டிருக்கிறார். பேசி முடிக்கிற வரைக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதை எங்களிடம் மூன்று தடவை திரும்பத் திரும்பச் சொன்னார்.

விண்ணப்பத்தில் 'முந்தைய குற்றம்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஐந்து வருடம் தாண்டிவிட்டால் அது தடையில்லை, ஆனால் குழு அதைக் கேட்கலாம் என்று போட்டிருந்தது. அத்தான் மறைக்காமல் எழுதினார். எதிரே நின்றவர் பெரிய படகுகளுக்கு ஐஸ் விற்றுப் பிழைக்கும் ஐஸ் ஃபேக்டரி முதலாளி. பேருக்கு இரண்டு சிறு படகு வைத்திருந்தார், ஏறிப் பார்த்திருப்பாரோ என்னவோ. அவரை அங்கே வைப்பது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது. எல்லோருக்கும் தெரியும்.

இந்த நேரத்தில்தான் என் தலையில் சீட்டு விழுந்தது. குழுவில் ஏலக்கூடத் தொழிலாளர் சார்பில் ஒருவர் வேண்டும், குலுக்கல் போட்டார்கள், என் பெயர் வந்தது. ஏலக்கூடத்தில் மீன் பெட்டிகளுக்கு நம்பர் சீட்டு ஒட்டுவது என் வேலை. அதற்குமேல் எதையும் தீர்மானித்து எனக்குப் பழக்கமில்லை. குழுத் தலைவி ஓய்வு பெற்ற நீதிபதியம்மா. விண்ணப்பித்தவர்களில் உறவு உண்டா என்று கேட்டார், சொன்னேன். "அப்ப அவர் விஷயத்துல நீங்க ஓட்டுப் போடக்கூடாது. ஆனா ஏதாவது உண்மை தெரிஞ்சிருந்தா சொல்லலாம், சொல்லணும்" என்றார்.

மறுநாள் ஏலம் முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அத்தான் வந்தார். குழாயை மூடச் சொன்னார்.

"பழசை எடுப்பாங்க. நீ வாயைத் திறக்கக் கூடாது."

"அத்தான், கேட்டா என்ன சொல்றது?"

"தெரியாதுன்னு சொல்லு. உன் புள்ளை பொண்டாட்டிக்கு ஏழு மாசம் ஆகுது. இப்பப் போய் வேலையைத் தொலைச்சுட்டு நிக்கணுமா? ஒரு தடவை தப்புப் பண்ணினவனுக்கு நாற்காலி குடுக்க மாட்டாங்கன்னு எங்கயும் எழுதலையே. குடுத்தாலும் குடுப்பாங்க."

வீட்டில் மகனிடம் சொன்னேன். அவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். வெகு நேரம் ஒரே ஷூவைத் தேய்த்தான். "பெரியப்பாவே வேண்டாங்கறாரேம்மா" என்றான். "ஆமா, அவரே வேண்டாங்கறார்" என்றேன். தாயும் பிள்ளையும் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம்.

விசாரணை நாளில் அறை நிரம்பி வழிந்தது. அத்தான் துவைத்துத் தேய்த்த சட்டை போட்டு, முதல் தடவையாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குழுவில் நான் நீங்கலாக நாலு ஓட்டு, ஜெயிக்க மூன்று வேண்டும். கல்லூரியில் மீன் பற்றிப் பாடம் நடத்தும் வாத்தியாரும், சிறு படகுச் சங்கத்துக்காரரும் அத்தான் பக்கம் என்று அவர்கள் கேட்ட கேள்வியிலேயே தெரிந்தது. பெரிய படகுச் சங்கச் செயலாளர் எதிர்ப்பக்கம். மிச்சம் நீதிபதியம்மா ஒருவர்தான்.

செயலாளர் எழுந்தார். "இருபத்தெட்டு வருஷமா வலைக்கண்ணியைப் பத்தித்தான் பேசறீங்க. உங்க படகுலயே சிறுகண்ணி இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"யார் வலை?"

"என் வலைதான். தப்புதான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "உங்க பேச்செல்லாம் எழுதி வெச்சிருக்காங்க. அத்தனையையும் படிச்சேன். அதைப் பேசின ஆளும் இந்த வலையைப் போட்ட ஆளும் ஒருத்தர்னு எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. ஏதாவது காரணம் இருக்கா?"

அத்தான் தலையை ஆட்டினார். இல்லை.

நீதிபதியம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க அந்தக் குடும்பத்துல இருக்கறவங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமாம்மா?"

அந்த அம்மா ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அத்தான் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் கண்ணில் என் மகனும் அவன் மனைவியும் மட்டும்தான் இருந்தார்கள். அறைக் கதவு பக்கம் அக்கா நின்றிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

நீதிபதியம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டுக்கு இரண்டு. அத்தானுக்கு மூன்று கிடைக்கவில்லை. அடுத்த விண்ணப்பத்தை எடுத்தார்கள், ஐஸ் ஃபேக்டரி முதலாளிக்கு என்னையும் சேர்த்து ஐந்து பேர் ஓட்டுப் போட உரிமை இருந்தது. நான் எதிராகப் போட்டேன். அதனால் என்ன, நாற்காலி காலியாகக் கிடக்கக் கூடாது என்று வாத்தியாரும் சேர, மூன்று பேர் கை தூக்கினார்கள். புதிய வாரியத்தின் இரண்டாவது கூட்டத்திலேயே வலைக்கண்ணி அளவைக் குறைத்தார்கள். அத்தான் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. அதற்கப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. கேட்டால், "முதுகு வலி" என்றார். கடலுக்குப் போகிற முதுகுக்கு பெஞ்சில் உட்கார என்ன வலி என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார். பேத்தி பிறந்தபோது வந்து ஒரு நிமிடம் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உடனே கொடுத்துவிட்டார்.

போன வாரம் ஒரு மத்தியானம் அக்கா தனியாக வந்தாள். மருமகளும் குழந்தையும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து நாலைந்து துணியை மடித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்கிட்ட இத்தனை நாளா சொல்லணும்னு இருந்தேன். அந்த மனுஷன் பண்ணின காரியத்துக்கு, அத்தனை பேர் முன்னாடி உன்னைக் கேள்வி கேட்டாங்க. நீ கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தே, நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். உன் புள்ளை வேற அந்த டிபார்ட்மென்ட்லயே வேலை பார்க்கறான், அவனுக்கு எவ்வளவு அசிங்கமா இருந்திருக்கும்! எங்களால உங்களுக்குத் தலைகுனிவு. மன்னிச்சுடுடீ."

நான் கையை உருவி இன்னொரு துணியை எடுத்தேன்.

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிட்டேன். அவர் அப்படிச் செய்வாருன்னு இன்னும் என்னால நம்ப முடியலை. ஆனா அவரே ஒத்துக்கிட்டாரே, நான் என்ன செய்ய? ஆறு வருஷமா அவர் முகத்தைப் பார்க்கறப்பெல்லாம் எனக்குக் கசக்குது. நீ சொல்லு, உனக்கு அவர் மேல கோபம் இல்லையா?"

அங்கே நீதிபதி இல்லை, செயலாளர் இல்லை. நானும் என்னை வளர்த்தவளும் மட்டும் இருந்தோம். இரண்டு வார்த்தை போதும். உள்ளே குழந்தை சிணுங்கி, மறுபடியும் தூங்கியது.

"விடுக்கா" என்றேன். "மனுஷன்னா தப்புப் பண்ணாம இருப்பாங்களா? மன்னிச்சுடு அவரை."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உனக்கு எவ்வளவு பெரிய மனசு என்று என் கன்னத்தைத் தடவினாள். நீ சொன்னதற்காகவாவது இன்றைக்கு அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.