கால் மாற்றிப் போடும் சோலைமலை

இன்றைக்கும் யாரோ ஸ்ட்ரெச்சரின் மேல் பாவாடை காயப்போட்டிருக்கிறார்கள். சோலைமலை அதை இரண்டு விரலால் தூக்கி வேலியில் எறிகிறார். பிறகு ஸ்ட்ரெச்சரை இறவாரத்திலிருந்து இறக்கி, மூங்கிலைத் தட்டிப் பார்க்கிறார், சாக்கை அமுக்கிப் பார்க்கிறார். "இது என்ன ஒங்க வீட்டுக் கொடியா? நாளைக்கு ஒங்களத்தான் இதுல தூக்கணும், ஞாவகம் வச்சுக்கங்க" என்று லயத்து வரிசை வீடுகள் முழுவதும் கேட்கச் சொல்லிவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு நடக்கிறார். நாளைக்கும் அதில் ஒரு பாவாடை காயத்தான் போகிறது.

நோர்வூட்டுக்கு மேலே, லொறி ஏறாத ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர் சோலைமலை. ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லி உடம்பு, ஓயாத வாய். தேநீரில் சீனி குறைந்தாலும் சலிப்பு, கூடினாலும் சலிப்பு. மழை பெய்தால் மேகத்தைத் திட்டுவார், வெயில் அடித்தால் மழையை எங்கே காணோம் என்பார். ஆனால் அவருடைய வாயில் அதிகம் அடிபடுகிறவர் உயிரோடு இருக்கிற யாருமல்ல. போன வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், இறந்துபோன லோரன்ஸ்தான்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்தவர் லோரன்ஸ். எகிப்துப் பக்கம் குண்டடி பட்டவர்களைத் தூக்கிச் சுமந்துவிட்டு, எந்த லயத்திலிருந்து போனாரோ அதே லயத்துக்குத் திரும்பி வந்தார். வெள்ளைக்கார ராஜாவுக்காகப் போய் வந்தவருக்கு, சில வருடங்களில் இலங்கைத் தோட்டத்து ஆட்களின் குடியுரிமை பறிபோனதில் ஒரு ஓட்டுகூட இல்லாமல் போயிற்று. "ஓட்டு இல்லாட்டி என்னா, வாய் இருக்குல்ல" என்று அவர் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவரானார். பீலிக் குழாய்க்குத் தண்ணீர் வந்தது, பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது வாத்தியார் வந்தார். துரையின் பங்களா வாசலில் அவர் நின்ற நிற்பைத் தாங்க முடியாமல்தான் எல்லாம் வந்தன. அதுவரை நோயாளியைக் கம்பளியில் கட்டி ஒற்றைக் கம்பில் தொங்கவிட்டுத்தான் மலையிறக்கினார்கள். லோரன்ஸ் இரண்டு மூங்கிலும் சாக்கும் வாங்கி ஸ்ட்ரெச்சர் செய்தார். அதைத் தூக்க ஆள் பிடித்தபோது முதலில் அகப்பட்டவர் சோலைமலை.

அன்றைக்குப் பிடித்தது வம்பு. முன்னால் போகிற இருவர் இடது காலை வைக்கும்போது, பின்னால் வருகிற இருவர் வலது காலை வைக்கவேண்டும் என்றார் லோரன்ஸ். பட்டாளத்துக்காரரே கால் சேர்த்து நடக்காதே என்கிறாரே, வெயிலில் மூளை கலங்கிவிட்டதா என்று சோலைமலை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். லோரன்ஸ் கோபப்படவில்லை. ஒரு வாளித் தண்ணீரைச் சாக்கின் நடுவில் வைத்து, கால் சேர்த்தே நடக்கச் சொன்னார். பத்தடி போவதற்குள் ஸ்ட்ரெச்சர் தொட்டிலாக ஆடி, பாதித் தண்ணீர் சோலைமலையின் முதுகில் இருந்தது. "இப்ப அதுல ஒரு புள்ளத்தாச்சி இருந்தா?" என்று மட்டும் கேட்டார் லோரன்ஸ். கால் மாற்றி நடந்தபோது ஒரு துளி சிந்தவில்லை.

"சொன்னாப் போதாதா? தண்ணிய ஊத்தித்தான் காட்டணுமா?" என்பது சோலைமலையின் தீராத ஆவலாதி. இன்னும் இருக்கிறது பட்டியல். சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத்தான் லோரன்ஸ் கூப்பிடுவார். பத்து வருடம் தூக்கியும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. நெஞ்சு வலி வந்து அவரையே அதில் கிடத்தி இறக்கியபோதும், சாக்கு ஈரமாக இருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டே போனார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகச் சொன்னதும் அந்தச் சாக்கை மாற்று என்பதுதான். "சாகப் போற மனுசன் பேசுற பேச்சா அது?" என்று கேட்டுவிட்டுச் சோலைமலை முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன மாதம் லோரன்ஸின் முதலாம் ஆண்டு நினைவு நாள். சங்கக் காரியதரிசி பொன்னையா பெரிய ஏற்பாடு செய்திருந்தான். லோரன்ஸின் மனைவி றோசலினிடம் கெஞ்சி, ஒரு கீறல் விழாமல் திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்து, பட்டாள உடுப்பில் அவர் நிற்கும் படத்தை வாங்கினான். ஸ்ட்ரெச்சருக்குக் கலர்க் கடதாசி சுற்றி, படத்தை அதில் வைத்து, நாலு பேர் லெப்ட் ரைட் போட்டு லயங்களைச் சுற்றிவர வேண்டும். ஹட்டனிலிருந்து ஒரு சங்கப் பெரியவர் பேச வருகிறார். ஒரு வாரம் மைதானத்தில் ஒத்திகை நடந்தது. ஸ்ட்ரெச்சரோடு கால் சேர்த்து நடப்பது அந்த மனுசனுக்கே அடுக்காது என்று சோலைமலை தலையில் அடித்துக்கொண்டார். ஒரு நாள்தானே அண்ணே, மரியாதைக்கு என்றான் பொன்னையா. கடைசியில் வழக்கம்போல முன்கம்பு பிடித்ததும் சோலைமலைதான்.

ஊர்வலம் இரண்டாவது லயத்தைத் தாண்டுவதற்குள், ஒத்திகையில் பின்னால் தூக்கி அன்றைக்கு மட்டும் வராமல் நின்ற அழகன் ஓடி வந்தான். அவன் மனைவி வீரம்மாவுக்கு விடியற்காலையிலிருந்து வலி. பிள்ளை திரும்பவில்லை, இரத்தம் போகிறது, உடனே டிக்கோயாவுக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள்.

பொன்னையா தயங்கினான். பெரியவர் வரும் நேரம், கம்பளி கட்டித் தூக்கினால் என்ன என்று இழுத்தான்.

"கம்பளியில தூக்குறதுக்கா அந்த மனுசன் இதச் செஞ்சாரு?" என்றார் சோலைமலை. ஒரு வாரம் ஒட்டிய கடதாசியை ஒரு நிமிடத்தில் பிய்த்தார். படத்தை எடுத்துப் பொன்னையாவின் கையில் திணித்தார். வீரம்மாவைக் கிடத்தி, சோலைமலையும் ஊர்வலத்தில் அவரோடு தூக்கிய கந்தப்பனும் முன்னால், அழகனும் இன்னொருவனும் பின்னால் தூக்கினார்கள்.

தேயிலைக்கு நடுவே இறங்கும் குறுக்குப் பாதையில் முதல் வளைவிலேயே வீரம்மா அலறினாள். ஸ்ட்ரெச்சர் ஆடியது. ஒரு வாரம் லெப்ட் ரைட் போட்ட கால்கள், சொல்லாமலே ஒன்று சேர்ந்துவிட்டிருந்தன. சோலைமலையின் காலும்தான். அவருக்கு வந்த ஆத்திரம் அவர்மேலா, பொன்னையாமேலா, லோரன்ஸ்மேலா என்று அவருக்கே தெரியவில்லை.

"பின்னால உள்ளவங்க கால மாத்துங்கடா. மாத்திப் போடுங்க. உள்ள இருக்கிறது ரெண்டு உசுரு."

அழகனும் கூட இருந்தவனும் ஒரு எட்டுத் தயங்கிக் காலை மாற்றினார்கள். ஆட்டம் அடங்கியது. அதன் பிறகு தார் ரோட்டில் நின்ற லொறி வரை சோலைமலை வாயை மூடவில்லை. வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டே இறக்கினார். லோரன்ஸும் அப்படித்தான் சொல்லிக்கொண்டே வருவார், அப்போதெல்லாம் சோலைமலைக்குக் காது புளித்துப்போகும்.

வீரம்மா பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது, பெண் பிள்ளை. அழகன் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டான். சாயங்காலம், வெறும் ஸ்ட்ரெச்சரை முன்னால் சோலைமலையும் பின்னால் கந்தப்பனும் பிடித்துக்கொண்டு மலையேறினார்கள். கூடவே பொன்னையா. றோசலினுக்குச் செய்த சத்தியத்துக்குப் பயந்து, படத்தைக் கீழே வைக்க மனமில்லாமல், நாள் முழுவதும் மார்போடு அணைத்துக்கொண்டே அலைந்திருந்தான். ஹட்டன் பெரியவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பாரே என்று அழாக்குறையாகப் புலம்பினான்.

"போனா போறாரு. அவரயா தூக்கணும்?" என்றார் சோலைமலை.

பாதி மலையில் கை வலி தாங்காமல் பொன்னையா படத்தைச் சாக்கின் நடுவில் வைத்தான். கந்தப்பன் களைப்பில் கால் போன போக்கில் நடந்தான். கொஞ்ச தூரத்தில் இருவர் காலும் சேர்ந்துகொண்டன. படம் சாக்கில் இப்படியும் அப்படியும் ஆடியது.

சோலைமலை திரும்பிப் பார்த்தார். நெடுமூச்சு விட்டார். "செத்தும் விடமாட்டேங்கிறாரு" என்று முனகினார். ஆள் இல்லாத ஸ்ட்ரெச்சர்தானே அண்ணே என்றான் பின்னாலிருந்து கந்தப்பன்.

சோலைமலை அரை எட்டு நின்று, காலை மாற்றிப் போட்டு நடந்தார்.