முசியேவுக்குச் சொல்லிக்கொடுத்த சொற்கள்

இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறவர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு: ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்தால் அதன் அக்கா தங்கச்சியெல்லாம் கூடவே வந்து பாயில் உட்கார்ந்துகொள்ளும். நீங்களும் இந்தத் தொழிலில் மாரடித்தவர் என்றால் நான் சொல்வது புரியும்.

கடலூரில் இங்கிலீஷ் படித்துவிட்டு, அப்போது பிரெஞ்சுக்காரர் ஆண்ட முத்தியால்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். ஐம்பத்துநாலில் பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பினார்கள். ஆபீஸ்கள் மெல்ல மெல்ல இங்கிலீஷுக்கு மாறின. தலை நரைக்கும்வரை பிரெஞ்சிலேயே எழுதிப் பழகிய குமாஸ்தாக்கள் சாயங்காலமானால் என் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டார்கள். அவர்களில் ஒருவர் சவரிநாதன். எனக்கு அவர் முசியே. இந்த ஊரில் பெரிய மனிதரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இங்கிலீஷில் நேர்காணல் வைக்கப்போகிறோம், தேறாதவர்கள் வேலையை விட வேண்டியதுதான் என்று அவர் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் பிரான்சில் இருக்கிற ஒரே மகனிடம்தான் போக வேண்டும். அவர் மனைவி அருளம்மாவுக்கோ ஊரைவிட்டுப் போகிற பேச்சை எடுத்தாலே ஆகாது. அதனால் அந்தம்மாவும் டியூஷனுக்குக் கூடவே வந்து, மனுஷன் ஒழுங்காகப் படிக்கிறாரா என்று காவல் காப்பார்.

விரல்

ஒருநாள் முசியே நொண்டிக்கொண்டு வந்தார். வாசற்படியில் இடித்துக்கொண்டாராம். ஆபீசுக்கு ஏன் தாமதம் என்று அதிகாரி கேட்க, இவர் இங்கிலீஷில் "ஃபிங்கரில் அடி" என்றிருக்கிறார். அதிகாரி இவருடைய இரண்டு கையையும் புரட்டிப் பார்த்துவிட்டு, போய் வேலையைப் பாருங்கள் என்றாராம்.

ஐயோ முசியே, கையில் இருந்தால் ஃபிங்கர், காலில் இருந்தால் டோ என்றேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "தமிழ்லயும் விரல், பிரெஞ்சுலயும் விரல்னாலே போதும். இவங்களுக்கு மட்டும் காலுன்னா என்னா டீச்சரம்மா அவ்ளோ எளக்காரம்?"

நிழல்

மரத்தின் ஷேடோவில் நின்று சாப்பிட்டேன் என்றார். எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. "எத்தன தரம் சொல்றது முசியே! வெயிலுக்கு ஒதுங்கினா அது ஷேட். உங்க உருவத்தோட கூடவே வர்ற கறுப்புதான் ஷேடோ" என்று கத்திவிட்டேன்.

அவர் சாவகாசமாக யோசித்தார். ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். "அப்ப எனக்கு ஷேட் போதும்மா. கூடவே வர்றது ஏற்கெனவே ஒண்ணு இருக்குது."

மத்தியானம்

லீவ், ஹாலிடே, வெகேஷன், ரெஸ்ட் என்று நாலையும் ஒரே மூச்சில் நடத்திய நாள் அது. ஆபீஸில் கேட்டு வாங்குவது லீவ், எல்லாருக்கும் சேர்த்து விடுவது ஹாலிடே என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் மத்தியானம் ஆபீசைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, முகம் கழுவிக்கொண்டு திரும்பப் போவார்கள். இப்போது காலையில் போனால் சாயங்காலம்தான். சுவரோரம் இருந்த அருளம்மா திடீரென்று, அந்தத் தூக்கம் இந்த நாலில் எது என்று கேட்டார்.

எதிலும் சேராது என்றேன். அந்தம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "கூடப் படுக்காட்டியும், மத்தியானத்துல மனுஷன் வீட்ல இருக்கறாருன்னு இருந்துச்சு. அதுக்கு ஒரு பேருகூட வைக்கலியா?"

மூன்று நாற்காலி

நேர்காணலுக்கு முதல்நாள் எல்லாவற்றையும் தலைகீழாகக் கேட்டுப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. ஜாப், வொர்க், டியூட்டி எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் உள்ளே மூன்று அதிகாரிகள், எல்லாரும் சென்னைப் பக்கத்துக்காரர்கள். பிரெஞ்சு ஆபீஸில் தினமும் காலையில் பெரிய துரை முதல் கடைசி ஆள் வரை கைகொடுத்துவிட்டுத்தான் உட்காருவார்களாம். கடலூர்க்காரி எனக்கு இது எங்கே தெரியும்! முசியே நாற்காலியில் உட்காராமல் மேசையைச் சுற்றிப் போய்க் கையை நீட்டியிருக்கிறார். இரண்டு ஓரத்திலும் இருந்தவர்கள் திகைத்துப்போய்க் கொடுத்துவிட்டார்கள். நடுவில் இருந்த பெரியவர் கொடுக்கவில்லை. போய் உட்காரும் என்று தலையை மட்டும் அசைத்தாராம். நீட்டிய கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தவருக்கு அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

முடிவு தெரிந்த அன்று என்னிடம் வந்து நின்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர்தான் என்னைத் தேற்றினார். "நீங்க சொல்லிக்குடுத்த சொல்லெல்லாம் சரியாத்தான் வச்சிருந்தேன் டீச்சரம்மா. கையத்தான் எங்க வைக்கிறதுன்னு தெரியாமப் போச்சு."

கப்பலுக்கு முன்னால்

கிளம்புவதற்கு முன் அருளம்மா மட்டும் வந்தார். வீட்டுச் சாமானெல்லாம் கொடுத்தாகிவிட்டது என்றார். ஒரு சந்தேகம் கேட்கலாமா என்று தயங்கி நின்றார். இத்தனை நாள் காதில் விழுந்ததில் கெஸ்ட், விசிட்டர் என்று இரண்டு மனசில் நின்றுவிட்டதாம். மருமகள் வீட்டுக்குப் போனால், தான் அதில் எது?

உங்கள் மகன் வீட்டில் நீங்கள் இரண்டும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் முடியவில்லை. பாடம் மாதிரியே சொன்னேன்: வாங்க, இருங்கன்னு சொல்லித் தங்க வச்சிக்கிட்டா கெஸ்ட், வந்து பாத்துட்டுத் தன் ஊருக்குத் திரும்பறவங்க விசிட்டர். அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப என்னை விசிட்டர்னே வச்சிக்கம்மா."

சரியான சொல்லைப் பொறுக்கி எடுத்தவர்கள் என் டியூஷனில் நிறையப் பேர் உண்டு. எடுத்த சொல்படி வாழக் கொடுத்துவைத்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.