எண்ணெய்க் கையும் நாலு வால்வும்

1. துண்டில் வந்த எழுத்து

வெள்ளைத் துண்டில் பொன் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். எழுத்து! வால்வின் மேல் இருக்க வேண்டிய எழுத்து மொத்தமும் என் துண்டுக்குக் குடிவந்திருந்தது. மேஜையில் நாலு வால்வு கிடந்தன. நாலும் மொட்டை.

தென்காசியில் முப்பத்தைந்து வருஷமாக ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், சர்வீஸ் செய்கிறேன். கோவில் கொடைத் திருவிழாவுக்கு மைக் செட் கட்டிய காலத்திலிருந்து, பழைய ரேடியோவில் குட்டி பல்பு மாதிரி எரியுமே, அந்த வால்வோடு எனக்குப் பழக்கம். பழைய வால்வுக் கண்ணாடியில் அச்சடித்த எழுத்து மகா ரோஷக்காரன். எண்ணெய்க் கையால் தொட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவான். "எழுத்துல கை வைக்காதலே, அடியில பிடி" என்று என்னிடம் வேலை பார்த்த அத்தனை பேரையும் நான் திட்டியிருக்கிறேன். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

நடந்தது இவ்வளவுதான். ஒவ்வொரு சீசனிலும் அருவியில் முதல் தண்ணீர் நன்றாக விழும் நாளில் நான் குற்றாலம் போய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பேன். கல்யாண நாளை மறந்தாலும் இதை மறந்ததில்லை. அன்றும் மசாஜ்காரர் தலை முதல் கால் வரை அரைப்படி எண்ணெயை இறக்கினார். அருவியில் எவ்வளவு நேரம் நின்றாலும் நகக்கண்ணில் இருக்கிற எண்ணெய் மட்டும் போகாது. அந்தக் கையோடு நேராகக் கடைக்கு வந்தேன். வால்வில் தூசி இருக்கிறதே என்று ஈரத்துண்டால் நாலையும் அழுத்தித் துடைத்தேன். உடம்பு லேசாக இருந்ததில் வாயில் பாட்டு வேறு.

2. சாக்ஸில் வந்த ஜோடி

நாலில் இரண்டு என்னுடையவை. பண்பொழிப் பக்கம் மைக் செட் தொழிலை விட்ட ஒருவர் விற்ற சாமான்களோடு, அட்டைப்பெட்டி பிரிக்காமல் வந்த ஸ்பேர். மற்ற இரண்டும் மேடத்துடையவை.

மேடம் என்றால் ரிட்டயரான பெண் போலீஸ் எஸ்.ஐ. ஊர் வீரகேரளம்புதூர். வேலையில் இருந்தபோது, சீசன் வந்தால் குற்றாலம் மெயின் அருவியில் விசிலோடு நிற்பார். அவர் விசில் ஊதினால் குளிக்கிற ஆள் மட்டுமல்ல, குரங்கும் பாறையை விட்டு இறங்கும் என்று சொல்வோம்.

ரிட்டயரான பிறகு அவருக்கு ஹெட்ஃபோனில் நாதஸ்வரம் கேட்கிற பழக்கம் வந்தது. கப்பலில் இன்ஜினியராக இருக்கிற மகன் வால்வு போட்ட சின்ன ஆம்ப் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். இந்த ஆம்பில் இடது காதுக்கு ஒரு வால்வு, வலது காதுக்கு ஒரு வால்வு. வால்வை மாற்றினால் சத்தத்தின் குணமும் கொஞ்சம் மாறும். இப்போதைய பிள்ளைகள் வால்வைக் கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்ப்பதையே ஒரு பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். அந்த மகனுக்கும் அந்தக் கோட்டி, எங்க ஊர்ப் பேச்சில் பைத்தியம், உண்டு. ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்தில், பழைய சாமான் சந்தையில் ஒரு ஜோடி வால்வு வாங்கி, உடையாமல் இருக்க ஆளுக்கொரு சாக்ஸில் சுருட்டி, தெரிந்தவர் கையில் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினான்.

மேடம் அந்தச் சாக்ஸோடுதான் கொண்டுவந்தார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம எம்மவன் வாரான். ஒன்பது மாசம் கழிச்சு வாரான். அவன் வாங்குனத போட்டு, அவன் முன்னால நான் பாட்டு கேக்கணும். பாத்து மாட்டிக் கொடுங்க."

"வச்சிட்டுப் போங்க மேடம். எங்கிட்ட ஒரு ஜோடி கெடக்கு. அதையும் இதையும் மாத்தி மாத்தி வச்சி, எது ஒசத்தின்னு சொல்லிருதேன்."

இதில்தான் என் கர்வம் வந்து உட்கார்ந்தது. அவருடைய வால்வில் வெளிநாட்டுக் கம்பெனி பெயர் பொன் எழுத்தில் இருந்தது. என்னுடையதில் இங்குள்ள ஒரு கம்பெனி பெயர், அதுவும் பொன் எழுத்தில். நம் சரக்கு ஒன்றும் மட்டமில்லை என்று காட்ட எனக்கு ஆசை. அந்த ஆசையில்தான் இரண்டு ஜோடியையும் ஒரே துண்டில் வைத்துத் துடைத்தேன்.

3. சாப்பிடாத மத்தியானம்

எழுத்து போனாலும் உள்ளுறுப்பைப் பார்த்துப் பிரித்துவிடலாம் என்று முதலில் தைரியமாகத்தான் இருந்தேன். கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே இருக்கிற தகட்டின் நீளம் மாறும், உச்சியில் இருக்கிற வளையம் மாறும். லென்ஸை எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். தகடு ஒரே நீளம். வளையம் ஒரே அளவு. கண்ணாடி உச்சியில் இருக்கிற தழும்புகூட ஒரே மாதிரி. டெஸ்டரில் போட்டால் நாலும் நல்ல ரீடிங் காட்டின.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. நாலும் ஒரே பாக்டரியில் பிறந்தவை. அந்தக் காலத்தில் ஒரே இடத்தில் செய்து, வாங்குகிற கம்பெனிக்கு ஏற்ற பெயரை மேலே அடித்து அனுப்புவார்கள். ஒரு வயிற்றில் பிறந்த நாலு பிள்ளைகளில் இரண்டு வெளிநாட்டிலும் இரண்டு பண்பொழியிலும் வளர்ந்திருக்கின்றன.

வேறு ஆளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். எந்த இரண்டைக் கொடுத்தாலும் சரக்கு சரிதானே. எனக்கும் அந்தப் புத்தி வந்தது, மறைக்கவில்லை. இரண்டை எடுத்து ஆம்பில் மாட்டி, "தேய்ஞ்சு போச்சு மேடம், பழைய எழுத்துதானே" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மாட்டியும் பார்த்தேன். ஆனால் மேஜை ஓரத்தில் அந்த இரண்டு சாக்ஸும் கிடந்தன. குதிகாலில் தையல் போட்ட, நன்றாகத் துவைத்த சாக்ஸ். அந்தப் பையன் சுற்றி அனுப்பியது இரண்டு வால்வுதான், அது எந்த இரண்டு என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்ததாகச் சொன்னால் பொய். எனக்கு வெட்கமாக இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

கடைசியில் போனை எடுத்தேன்.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்து, எண்ணெய், அருவி, துண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

முடித்ததும் மேடத்தின் குரல் வந்தது. "அப்போ தடயத்த அழிச்சிட்டிய."

"ஆமா மேடம்."

"அழிச்சவரே போன் போட்டுச் சொல்லுத கேசை என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல. கடையிலேயே இருங்க, வாரேன்."

4. முட்டை அட்டையில் விசாரணை

வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்தபோது, திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"எம்மவன் வாங்குனது எதுன்னு காதால கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியாது மேடம். நாலும் ஒண்ணுதான்."

"அத நான் கேட்டுச் சொல்லுதேன்."

முட்டை வைக்கிற அட்டையில் நாலு குழிக்கு நம்பர் போட்டு வால்வுகளை உட்கார வைத்தேன். ஆம்பை அணைத்து, சூடு ஆற விட்டு, ஆட்டாமல் நேராகப் பிடுங்கி, அடுத்ததைச் செருகி, மறுபடி சூடேற விட வேண்டும். ஒவ்வொரு மாற்றலுக்கும் கால் மணி நேரம். மேடம் கண்ணை மூடிக்கொண்டார். எந்த நம்பர் போடுகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

நாதஸ்வரம் போடப் போனேன். "அது வேண்டாம், இதப் போடுங்க" என்று தன் போனை நீட்டினார். கடைசி ட்யூட்டி அன்று மெயின் அருவி முன்னால் நின்று அவரே பதிவு செய்த சத்தம். வெறும் தண்ணீர் விழுகிற இரைச்சல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், ஆம்பைச் சோதிக்க இதை விட நல்ல சரக்கு கிடையாது. கனத்த சத்தம், கீச்சுச் சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் அதில் இருக்கிறது. எது குறைந்தாலும் உடனே தெரியும். முப்பத்தைந்து வருஷம் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை.

முதல் ஜோடி. "ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி இருக்கு." இரண்டாவது முறை ஒரு வால்வை மாற்றினேன். மேடத்தின் புருவம் ஏறியது.

"அண்ணாச்சி, எடது காதுல தண்ணியோட சரளைக்கல் உருளுது."

"கல்லா?"

"அருவியில இந்தச் சத்தம் கேட்டா மேல மழன்னு அர்த்தம். உடனே எல்லாரையும் வெளியேத்திருவோம். இந்தக் காது ஏமாறாது."

மூன்றாம் நம்பர் வால்வு. அதை வலது பக்கம் மாற்றினேன். கல்லும் வலது பக்கம் போயிற்று. எடுத்துப் பார்த்தால் ஒரு பின்னில் பொட்டுப் பச்சைக் களிம்பு. பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி மாட்டினேன்.

"கல்லு போயிருச்சு!" என்று மேடம் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். டெஸ்டர் காட்டாத கோளாறை அவர் காது காட்டிவிட்டது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

அதன் பிறகு எப்படி மாற்றி மாற்றி வைத்தாலும் ஒரே பதில்தான். நாலும் ஒன்று. ஆனால் அவர் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. பதிவு முடிந்ததும், "இன்னொரு தடவ போடுங்க" என்றார்.

"இருவது சீசன் அங்கன நின்னுருக்கேன் அண்ணாச்சி. விசில் ஊதிக்கிட்டு, கத்திக்கிட்டு. ஒரு நாள்கூடக் குளிச்சதில்ல. அருவிய அருவியா இப்பதான் கேக்கேன்."

5. ஞாயிற்றுக்கிழமை

மகன் சூட்கேசை வீட்டில் வைத்த கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் முட்டை அட்டையை அவன் முன்னால் வைத்தார்.

"ஏலே, எழுத்து எங்கன்னு கேக்காத. இதுல நீ வாங்குனது எது? கேட்டுச் சொல்லு."

அவனும் சளைக்கவில்லை. ஒரு மணி நேரம் மாற்றி மாற்றிக் கேட்டான். "ஒண்ணும் நாலும். அடிச்சத்தம், அந்த பேஸ், எப்படி இருக்கு பாருங்க! இதுக்குத்தாம்மா அவ்வளவு தேடி வாங்குனேன்" என்றான்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் முகம் ஒரு நிமிஷம் செத்துவிட்டது. அம்மாவைப் பார்த்தான், சாக்ஸைப் பார்த்தான், பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணாச்சி, உண்மையச் சொல்லுதேன். அந்தக் கடையில ஒரு கூடை நெறைய கெடந்துச்சு. கப்பலுக்கு நேரமாயிருச்சு. எழுத்து அழியாம பளிச்சுன்னு இருந்த ரெண்ட எடுத்துட்டு ஓடியாந்துட்டேன். கேட்டுப் பாக்கவே இல்ல."

"அப்போ தேடி வாங்குனேன்னு சொன்னியே!" என்று மேடம் அவன் முதுகில் ஒன்று போட்டார். அந்த அடியில்தான் எனக்கு மூச்சு வந்தது.

நாலு வால்வும் மேடத்துக்கே என்று நான் சொன்னேன். எது அவருடையது என்று தெரியாவிட்டால் நாலையும் கொடுப்பதுதானே நியாயம். நாலும் வீட்டில் இருந்தால் மகன் வாங்கியதும் கட்டாயம் வீட்டில் இருக்கும். அன்றிலிருந்து எழுத்துள்ள வால்வு கடைக்கு வந்தால் முதல் வேலையாகப் போட்டோ எடுத்து வைக்கிறேன். தப்பு செய்தால் அன்றைக்கே போன் செய்கிறேன். இந்த இரண்டையும் சின்னவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஆம்பை ரெடி செய்து வைக்கச் சொல்லிவிட்டு இருவரும் குற்றாலம் போனார்கள். மத்தியானம் திரும்பி வந்தபோது மேடத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஈரத்தலை, நெற்றியெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு, சின்னப்பிள்ளைச் சிரிப்பு.

"குளிச்சிட்டேன் அண்ணாச்சி! எவன் விசில் ஊதியும் நான் வெளிய வரலையே!" என்று சொல்லிக்கொண்டே, மேஜையில் சர்வீசுக்கு வந்திருந்த வேறொருவரின் வால்வை, பொன் எழுத்து பளபளப்பதைப் பார்த்துவிட்டு எடுக்கக் கையை நீட்டினார்.

"மேடம், கை! கை!" என்று நான் போட்ட சத்தத்தில் அந்தப் பெரிய எஸ்.ஐ. அப்படியே இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார்.